வெள்ளி பூசிய மாத்திரை



ஆங்கிலேயர் காலத்து மருந்துக் கடையொன்றில் கம்பவுண்டராகப் பணியாற்றியவர் நம் பாட்டனார். அவர் விட்டுச்சென்ற மரப்பெட்டியைச் சென்ற ரமளானுக்கு முன்பு திறந்து துடைத்தோம். பித்தளைக் காடிகள் கொண்ட மாத்திரைப் பலகையும், வட்டமான உருட்டுக் கட்டையும், இரு பாதிகளாகத் திறக்கும் பந்து போன்ற மரச்சிமிழும் அதனுள் இருந்தன.

மருந்துத் தூளைக் கல்வத்திலிட்டுப் பிசைந்து, நீண்ட திரியாக உருட்டி, காடிகளின் மேல் வைத்து மேற்கட்டையைத் தள்ளினால் ஒரே தடவையில் 24 துண்டுகள் கிடைக்கும். உருட்டுக் கட்டையின் கீழ் அவை உருண்டை வடிவம் பெறும். பின்னர் சிறிது பசைநீர் தடவி, வெள்ளித் தாளுடன் சிமிழிலிட்டுக் குலுக்குவார்கள். கசப்பு நாவில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இக்கலை நம் முன்னோருக்குப் புதிதன்று. குர்துபாவின் மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, வில்லை மருந்துகளை அச்சிலிட்டுச் செய்யும் முறையைத் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் விவரித்துள்ளார். வெள்ளித் தாளை 'வரக்' என்றழைக்கும் யூனானி ஹகீம்களும் அதனை மாத்திரைகளுக்குப் பூசி வந்துள்ளனர்.

ஆயினும் இப்பூச்சில் ஒரு குறையுண்டு. அது தடித்துவிட்டால் வயிற்றில் கரையாது. மருந்து பயனின்றி வெளியேறிவிடும். பிற்காலத்தில் எளிதில் கரையும் சர்க்கரைப் பூச்சு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிமிழைக் கையில் ஏந்தியபோது நம் மாணவர் ஒருவரின் முகம் நினைவில் எழுந்தது. தாயை இழந்து, தொழுகையில் மனம் ஒன்றவில்லை என்று நம்மிடம் வந்தவர் அவர். பொறுமையின் சிறப்பைப் பற்றி அரை மணி நேரம், அரபுச் சொற்கள் மின்ன, அழகாகப் பேசினோம். அதன்பின் அவர் ஒரு மாதம் மதரஸாப் பக்கமே வரவில்லை. கடைத்தெருவில் சந்தித்துக் காரணம் கேட்டபோது, தலைகுனிந்தவாறே சொன்னார்: "ஹஜ்ரத், உங்க பயான் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் என்ன செய்யணும்னுதான் தெரியலை."

கசப்பை மறைக்க நாம் பூசிய வெள்ளி, மருந்தையும் சேர்த்து மறைத்துவிட்டது.

மறுநாள் அவர் இல்லம் சென்றோம். உரை எதுவும் நிகழ்த்தவில்லை. இருவருமாக அஸர் தொழுதோம். அவருடைய தாயாருக்காக துஆச் செய்தோம். அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இனிமையாகப் பேசுவது நற்குணமே. அவ்வினிமை கேட்பவர் உள்ளத்தில் கரைய வேண்டும். அத்தகைய நாவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.