தண்ணியில கிடக்கட்டும்

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஃபில்லர் கேஜ் இருக்கும். கைவிசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் 0.05, 0.10, 0.15 என்று மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். துணி துவைக்கும்போது அம்மா அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, "இத வச்சு என்னதான்டா அளப்ப?" என்பாள். இடைவெளியை அளப்பேன் என்பேன். அதற்கு மேல் விளக்கத் தெரிந்ததில்லை. அதை வைத்து நான் அளக்காமல் விட்ட ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் மீன் விற்பவர்களுக்கும் ஐஸ் உடைப்பவர்களுக்கும் அது கைகாய்ந்த காலம். எஞ்சின் வேலை பார்க்கும் எங்களுக்கு அப்போதுதான் தூக்கமே இருக்காது. படகுகளைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்திவிடுவார்கள். ஓடாவிகள் பலகை மாற்றுவார்கள், இன்னொரு பக்கம் பெயின்ட் அடிப்பார்கள். நாங்கள் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்துப் பிரிப்போம்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு மேஸ்திரியிடம் சேர்ந்து அது இரண்டாவது வருடம். அந்த மே மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு படகை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எங்கள் தெருக்காரரின் மரப்படகு, ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். படகுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

எஞ்சினைப் பிரித்து மாட்டுவது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. மறுபடி படகுக்குள் இறக்கி ஷாஃப்ட்டோடு சேர்ப்பதுதான் வேலை. கியர்பாக்ஸின் பின்னால் ஒரு வட்டத் தட்டு, ஷாஃப்ட்டின் முன்னால் ஒரு வட்டத் தட்டு. இரண்டும் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும், அதுதான் கப்ளிங். ஷாஃப்ட் படகின் அடியில் குழாய்க்குள் போய்ப் புரொப்பல்லரைப் பிடித்திருக்கிறது, அதை நகர்த்த முடியாது. "ஷாஃப்ட்டு நவுராது, எஞ்சின்தான் அதுக்கு முன்னால போய் நிக்கணும்" என்பார் மேஸ்திரி.

போல்ட் போடுவதற்கு முன் இரண்டு தட்டுகளையும் லேசாகச் சேர்த்து வைத்து, மேலே, கீழே, இடது, வலது என நாலு இடத்தில் ஃபில்லர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். தட்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கலாம் என்பது கணக்கு. ஆறு அங்குலத் தட்டு என்றால் 0.15 மில்லிமீட்டர். இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம். அவ்வளவு கனமான எஞ்சினைக் கடப்பாரையால் நெம்பி, காலுக்கடியில் சிம் தகடு கொடுத்து, அந்த இரண்டு முடி கனத்துக்குள் கொண்டுவர எனக்கு மூன்று நாள் ஆனது. கடைசியில் 0.10 வந்தபோது யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

அன்று ராத்திரி மேஸ்திரி போனில் சொன்னார்: "நல்லது. ஆனா அது கரைக் கணக்கு. தண்ணியில எறக்கி ரெண்டு நாள் கிடக்கட்டும். டீசல் ரொப்பினதுக்கப்புறம் கப்ளிங்கக் கழட்டி மறுபடி பாரு."

சரி என்றேன். உள்ளுக்குள் அது பழைய ஆட்களின் சந்தேகம் என்றுதான் நினைத்தேன். காரணம், நான் யூடியூபில் பார்த்துப் பழகியது ஸ்டெர்ன்டிரைவ் படகுகளை. வெளிநாட்டு ஏரிகளில் ஓடும் வெள்ளைப் படகுகள். எஞ்சின் உள்ளே, புரொப்பல்லரோடு கூடிய காலைப் படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டியிருப்பார்கள். அந்தக் காலைக் கழற்றிவிட்டு, கிரீஸ் தடவிய ஒரு கம்பியைப் பின்பக்கத் துளை வழியாக உள்ளே விடுவார்கள். பேரிங்கைத் தாண்டி எஞ்சின் கப்ளிங்கின் பல்லுக்குள் இரண்டு விரலால் தள்ளினாலே கம்பி போய் வர வேண்டும். போகாவிட்டால் எஞ்சினின் முன்காலை ஏற்றி இறக்குவார்கள். பின்கால் பின்பலகையோடு பிணைந்திருக்கிறது. எல்லாம் கரையிலேயே முடிந்துவிடும். காலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்பதால் தண்ணீரில் வைத்துப் பார்க்கவும் முடியாது. அங்கே சரியாக இருப்பது இங்கேயும் சரியாகத்தானே இருக்கும்?

படகு இறங்க வேண்டியது ஜூன் 10. பெயின்ட் காயவில்லை, கிரேனுக்கு வரிசை. 13ஆம் தேதி மாலைதான் இறங்கியது. மறுநாள் காலையிலிருந்து ஐஸ், டீசல், அரிசி, வலை. பதினான்காம் தேதி நள்ளிரவில் தடை முடியும், முதல் ஆளாகப் போக வேண்டும் என்று துறைமுகமே துடித்துக்கொண்டிருந்தது. கப்ளிங்கைக் கழற்றி அளக்க எனக்கு அரை நாள் வேண்டும், வித்தியாசம் இருந்தால் ஒரு நாள். மாமா கிராப்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்ன மாப்ள, எல்லாம் நேரா இருக்கா?"

"நேரா இருக்கு மாமா."

பொய் என்று அப்போது தோன்றவில்லை. கரையில் நேராகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் இன்னொரு படகு அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஆறு மணி நேரம் ஓடியதும் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கிலாண்டு கை வைக்க முடியாமல் கொதித்திருக்கிறது. பேக்கிங் கருகி, சொட்டாக வர வேண்டிய தண்ணீர் ஒழுகலாக வந்திருக்கிறது. கப்ளிங் போல்ட்டில் ஒன்று அறுந்துவிட்டது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கிறார். எட்டுப் பேர் போனார்கள், எட்டுப் பேரும் திரும்பினார்கள். காற்று கொஞ்சம் எழும்பியிருந்தால் இந்த வாக்கியத்தை எழுத முடியாது. ஐஸ் பாதி உருகியிருந்தது. இரண்டு மாதம் சும்மா கிடந்த கடலின் முதல் பாடு மற்றவர்களுக்குப் போனது. படகில் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது.

மேஸ்திரி கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "கழட்டி அள. சத்தமாச் சொல்லு."

மேலே 0.55. கீழே 0.10.

"ஷாஃப்ட்ட அரைச் சுத்து சுத்திட்டு மறுபடி அள."

அது எதற்கென்று எனக்குத் தெரியும். ஷாஃப்ட்டோடு சேர்ந்து அகலமான இடைவெளியும் கீழே வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதன் தட்டு கோணல். இடைவெளி மேலேயே நின்றால் எஞ்சின் நின்ற இடம் தப்பு. ஷாஃப்ட்டைச் சுற்றும்போது நான் வேண்டிக்கொண்டது நினைவிருக்கிறது. ஷாஃப்ட் வளைந்திருக்கட்டும். அப்படியென்றால் மாமாவுக்குச் செலவு இன்னும் அதிகம். ஆனால் தப்பு என்னுடையதாக இருக்காது. ஓர் ஆளின் நஷ்டம் பெரிதாகட்டும் என்று நான் மனதார வேண்டிய ஒரே தருணம் அது.

மேலே 0.55. கீழே 0.10.

மேஸ்திரி திட்டவில்லை. கரையில் படகு கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரில் தண்ணீர் மேல் உட்காருகிறது என்றார். நடுப்பாகம் பருத்தது, அதைத் தண்ணீர் தூக்குகிறது. முனைகள் ஒல்லி, அவை தாழ்கின்றன. காய்ந்த மரம் தண்ணீர் குடித்து உப்புகிறது. டீசலும் ஐஸும் தங்கள் பங்குக்கு அழுத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவுதான். இரண்டு முடி கனத்துக்கு அது மலை.

எஞ்சினின் முன்கால்களுக்கு அடியில் சிம் கொடுத்து 0.08 வரை கொண்டுவந்தோம். இரண்டு நாள். நடுவில் மாமா வந்து நின்றார். மேஸ்திரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்காக அவர் எதுவும் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது.

"மாமா, தண்ணியில எறக்குனப்புறம் நான் அளக்கல. அளந்த மாதிரி சொல்லிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் கப்ளிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள்தானடா கேட்டிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்த வருடம் கூலி வேண்டாம் என்றேன். பாதியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் கேட்டிருந்தால் அந்த ஒரு நாளைக் கொடுத்திருப்பாரா என்று இன்றும் தெரியாது. அவசரத்தில் திட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அது அவர் எடுக்க வேண்டிய முடிவு, அவரிடமிருந்து அதை நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடமும் அதே படகுதான். கரையில் அளந்தபோது 0.05 வந்தது. மாமா குனிந்து எட்டிப் பார்த்து, "நேரா இருக்கா மாப்ள?" என்றார்.

"இப்பச் சொல்ல முடியாது மாமா. தண்ணியில கிடக்கட்டும்."

தலையாட்டிவிட்டு டீ வாங்கி வரப் போனார்.