எங்க வீட்டு டி.வி.எஸ் ஃபிஃப்டி

வாரத்துக்கு ரெண்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்தியாவது என் டேபிளுக்கு வந்துவிடும். ரேஞ்ச் எவ்வளவு, சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம், டிஸ்ப்ளே எத்தனை இன்ச் என்று டைப் செய்து, போட்டோ வைத்து, அப்லோடு செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். நான் பார்த்ததிலேயே பெட்ரோலை ரொம்பச் சிக்கனமாகக் குடிக்கும் வண்டி, மண்ணச்சநல்லூர் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை ஓரம் நிற்கிறது. அதைப் பற்றி யாரும் பிரஸ்மீட் வைப்பதில்லை.

டி.வி.எஸ் எக்ஸ்.எல் 100. இன்ஜின் 99.7 சிசி. ஆனாலும் வீட்டில் அதன் பெயர் 'டி.வி.எஸ் ஃபிஃப்டி'தான். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த அந்த 50 சிசி மொபெட்டின் பெயர், இன்ஜின் இரட்டிப்பான பிறகும் நம் ஊர் வாயை விட்டுப் போகவில்லை. மோட்டாரும் பெடலும் சேர்ந்ததால்தான் மொபெட் என்று பெயர். இப்போது பெடலும் கிடையாது.

அப்பாவுக்குக் கீரை வியாபாரம். விடியற்காலை மூன்றரைக்கு பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மூட்டை, கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரில் ரெண்டு பை. டோல்கேட், கொள்ளிடம், காவிரிப் பாலம் தாண்டி திருச்சி காந்தி மார்க்கெட். போக வர கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். இவ்வளவு சுமையோடும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியதிலிருந்து அப்பா ரூபாயில் கணக்குச் சொல்வதில்லை. "தினம் ஏழு கட்டு பெட்ரோலுக்குப் போயிடுது" என்பார்.

இந்த மைலேஜில் மாயம் ஒன்றுமில்லை. வண்டியின் எடையே 90 கிலோவுக்குள்தான். கியர் கிடையாது. எல்லாவற்றையும்விட, அது வேகமாகப் போகாது. வேகம் ரெண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். 35-ல் உருளும் வண்டி காற்றோடு மல்லுக்கட்டுவதே இல்லை.

ஆனால் அதே 35-தான் எனக்குப் பயம். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை லாரிகள் ஓடும் ரோடு அது. இருட்டில் பின்னால் வருகிற டிரைவருக்கு அப்பா தெரியவே மாட்டார், ஒரு மூட்டைதான் தெரியும். டெயில் லேம்ப்பை அந்த மூட்டை மறைத்துவிடும். ஹெல்மெட் போடுவார், அதில் சண்டையில்லை. சென்னையில் நாலரை மணிக்கு நான் விழித்துக்கொள்வது அலாரத்தால் அல்ல. "சேந்தாச்சு" என்று அவர் கொடுக்கும் மிஸ்டு காலுக்காக.

1972-ல் வந்த லூனா, 2024-ல் பேட்டரியோடு திரும்பி வந்தது. 150 கிலோ சுமக்கும், ஒரு சார்ஜில் 110 கிலோமீட்டர் என்றது கம்பெனி. செய்தியைப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்கு போன் செய்தேன். "அப்பா, பெட்ரோலே வேணாம்ப்பா. இ.எம்.ஐ நான் கட்டுறேன்."

"ஏழு கட்டு மிச்சமாகும், சரி. பஞ்சரான்னா டோல்கேட்ல பையன் இருக்கான். இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாருகிட்ட போறது பாப்பா? ஒரு நாள் வண்டி நின்னா கீரை வாடிரும்."

பதில் என்னிடம் இல்லை. அவர் கேட்ட கேள்வி எந்த ஸ்பெக் ஷீட்டிலும் இல்லை. அது மட்டுமல்ல, வேற வண்டி வாங்கினாலும் ரோடு அதே ரோடு, மூட்டை அதே மூட்டை.

பொங்கலுக்குப் போனபோது சைக்கிள் கடையில் 150 ரூபாய்க்கு மினுக் மினுக்கென்று எரியும் சிவப்பு லைட் ஒன்று வாங்கி, பின் மூட்டையின் கயிற்றில் கட்டிவிட்டேன். அம்மா சாக்கின் ரெண்டு ஓரத்திலும் ரிஃப்ளெக்டர் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அப்பா மறுக்கவில்லை. தினமும் மறக்காமல் லைட்டைப் போடுகிறார் என்று அம்மா சொல்கிறார். ஆனால் டோல்கேட் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, அதை அணைத்துவிட்டுத்தான் பாலம் ஏறுகிறாராம்.

"அங்கேர்ந்து தெரு விளக்கு இருக்கே பாப்பா. செல்லு எதுக்கு வீணாத் தீரணும்?"