வாசமில்லாத பத்திரி

மட்டாஞ்சேரி யூதத் தெருப் பக்கம் எப்போது போனாலும் என் மூக்கு முதலில் தேடுவது ஜாதிபத்திரியைத்தான். அங்கே ஒரு கிடங்கில் அப்பா சரக்குத் தரம் பிரித்தார். பள்ளி விட்டு வந்தால் என் உள்ளங்கையில் இரண்டு துண்டு வைப்பார். "கண்ண மூடிக்கிட்டு மோந்து பாரும்மா."

ஒன்று கமகமக்கும். மற்றது நீளமாய், விரல் விரலாய்ப் பிரிந்திருக்கும், மணம் இராது. அது ராம்பத்திரி, மலைக்காட்டு ஜாதியினுடையது. நல்ல சரக்கில் அதைக் கலந்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குக் கோபம். எனக்கென்னவோ அதன்மேல்தான் பிரியம்.

காலடி ஊரில் அத்தை வீட்டில் நான்கு ஜாதிமரம். மூன்று காய்க்கும். காய்க்காததில்தான் பூ அதிகம்: வெளிர்மஞ்சளில் குட்டி மணிகள் கொத்துக் கொத்தாய்க் கவிழ்ந்து தொங்கும். தண்டமரம் என்று மாமா ஒரு தை மாதம் அதை வெட்டிப்போட்டார். அந்த மழைக்குக் காய் குறையவில்லை. பூ பிஞ்சாகி முற்ற ஒன்பது மாதம் ஆகும். அவை முன்பே பிடித்தவை. அடுத்த மழைக்குத்தான் அத்தை பாதிக் கூடையோடு திரும்பினாள்.

ஜாதியில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பெண் பூவில் மகரந்தம் கிடையாது. ஆண் பூவுக்குப் போன சின்ன வண்டு இங்கேயும் வரவேண்டும். அதற்கு இரண்டும் ஒரே நாட்களில் விரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்று விடுகிறார்கள். ராம்பத்திரி தரும் காட்டு ஜாதிக்கும் இதே கதைதான், ஆனால் காட்டில் அப்படி நட்டுவைக்க யார் இருக்கிறார்கள்? எட்ட எட்ட நிற்கும் மரங்கள் சேர்ந்து பூத்தால்தான் காய். காய்த்தாலும் விதை உலர்ந்தால் செத்துப்போகும். இருவாச்சி விழுங்கி வேறிடத்தில் உமிழ்ந்தால் முளைக்க வழியுண்டு. பத்திரிக்காகக் கிளையையே முறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சு பொறுக்கவில்லை.

கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாயிருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற மலபார்த் தாவர நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் 'பனம்பால்கா' என்று இருப்பது இந்தக் காட்டு ஜாதிதான். அதை நான் படித்தறிந்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால், இந்த முறை நான் அவர் உள்ளங்கையில் அந்த வாசமில்லாத துண்டை வைத்திருப்பேன்.

உங்கள் தோட்டத்தில் பூத்தும் காய்க்காத ஜாதி நின்றால், கோடாலி எடுக்குமுன் பக்கத்து மரங்களை ஒருமுறை பாருங்கள்.