சொன்னால்தானே தெரியும்

1968இல் அமெரிக்காவில் பார்க்கின்சன் நோயோடு வாழ்ந்த ஒரு பெண்மணி, ஃப்ளூ வராமலிருக்க அமாண்டடின் சாப்பிட்டார். சாப்பிட்ட ஆறு வாரமும் நடுக்கமும் விறைப்பும் குறைந்திருந்தன, நிறுத்தியதும் திரும்பிவிட்டன. இதை அவர் டாக்டர் ராபர்ட் ஷ்வாபிடம் சொன்னார். டாக்டரும் காதுகொடுத்துக் கேட்டார், மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். மறு ஆண்டே முடிவுகள் வெளியாயின. பார்க்கின்சனுக்கு இன்றும் அது துணை மருந்து.

என் வயதுக்காரர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால், "நல்லா இருக்கேன் சார்" என்று எழுந்துவிடுகிற கூட்டம் நாம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் எந்த மருந்தை எழுதுவார்?

பார்க்கின்சனில் மூளையின் டோபமைன் குறைகிறது. அதை ஈடுகட்டும் லெவோடோபாதான் பிரதான மருந்து. ஆனால் ஆண்டுகள் போகப் போக, ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளைவரை நிற்பதில்லை. நடுவில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பொத்தானுக்கு விரல் மசியாது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் துணை மாத்திரைகள். லெவோடோபா மூளைக்குப் போகுமுன் சிதையாமல் காப்பது என்டகாபோன். மூளையிலுள்ள டோபமைன் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்வது ரசாஜிலின். டோபமைன் செய்யும் வேலையைத் தானே செய்வது பிராமிபெக்சால். கூடுதல் மாத்திரை எழுதினாலே "முற்றிவிட்டது" என்று கலங்க வேண்டாம். நடமாடும் நேரத்தை நீட்டிக்கத்தான் அது.

எதைச் சேர்ப்பது, எவ்வளவு என்பதெல்லாம் நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் இருக்கிறது. என்டகாபோனால் சிறுநீர் செம்பழுப்பாகலாம், அதில் ஆபத்தில்லை. பிராமிபெக்சால் சிலருக்குச் சூதாட்டத்திலோ, கண்டதை வாங்குவதிலோ அடக்க முடியாத வெறியைக் கிளப்பும். அது மருந்தின் வேலை, குணக்கேடு அல்ல. வெட்கப்பட்டு மறைப்பதும், பயந்து மாத்திரையைத் தானே சட்டென்று நிறுத்துவதும் இரண்டுமே கெடுதல்.

வலியை வெளிக்காட்டாததைப் பெருமையாக நினைத்து வளர்ந்த தலைமுறை நாம். அந்தப் பெருமை டாக்டர் முன்னால் உதவாது. எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது சாப்பாடு, எப்போது கால் மறுத்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வீட்டுக்காரரையோ பிள்ளையையோ உள்ளே அழைத்துப்போங்கள். "அப்பா நல்லா இல்லை டாக்டர்" என்று அவர்கள் போட்டு உடைத்தால், குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருங்கள்.