ஒரு கிளிக், ரெண்டு நாள்

வாரக்கடைசி ஆனா ஊர்ல இருந்து ரெண்டே ரெண்டு கேள்விதான் வரும். ஒண்ணு, "கேம் விளையாட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" இன்னொண்ணு, "டிசைன் போட எந்த சாஃப்ட்வேர் நல்லது?" பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்ங்கிறது காஞ்சிபுரத்துல எழுதப்படாத சட்டம். (ஆபீஸ்ல நான் புடுங்குற ஆணிக்கும் கிராபிக்ஸுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாதுன்னு சொன்னா யார் நம்புறா?)

யோசிச்சுப் பார்த்தா எங்க ஊர்ல இந்த ரெண்டு கேள்வியும் ஒரே இடத்துல போய் முட்டும். அந்த இடம் தறி. அதனால வன்பொருள்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

தறிக்கு மேல ஒரு பெட்டி, அதுல இருந்து மாலை மாதிரி தொங்குற அட்டைகள், பார்த்திருப்பீங்க. பிரான்ஸ்ல லியோன் நகரத்துக்காரர் ஜோசப் மரி ஜக்கார் 1804 வாக்குல கொண்டு வந்த சமாச்சாரம். அட்டையில ஓட்டை இருந்தா கொக்கி மேல போகும், அதோட சேர்ந்து பாவு இழையும் தூக்கும். ஓட்டை இல்லைன்னா இழை அப்படியே கிடக்கும். ஒண்ணு, பூஜ்யம். அவ்வளவுதான். சார்லஸ் பாபேஜ் தன்னோட அனலிட்டிகல் எஞ்சினுக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கிட்டார். 1890ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் ஓட்டை போட்ட அட்டையை வச்சுதான் எண்ணினார். அவரோட கம்பெனியும் இன்னும் சிலதும் ஒண்ணா சேர்ந்ததுதான் பின்னாடி ஐபிஎம். ஆக, பிள்ளையார்பாளையத்துல தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கத்துல வளர்ந்தவன்தான் :-)

ஒரு சின்ன கணக்கு. 240 கொக்கி இருக்கிற பெட்டி, 600 அட்டையில முடியுற ஒரு கரை டிசைன்னு வச்சுக்கோங்க. 240 பிட்னா 30 பைட். 600 அட்டைக்கு 18,000 பைட், அதாவது சுமார் 18 கிலோபைட். 1985ல வந்த சூப்பர் மாரியோ மொத்த கேமும் 40 கிலோபைட்தான். ஒரு தாழம்பூ ரேக்கு கரை, மாரியோவுல கிட்டத்தட்ட பாதி! லியோன்ல 1839ல ஜக்காரோட உருவத்தையே பட்டுல நெஞ்சாங்க. அதுக்கு சுமார் 24,000 அட்டை தேவைப்பட்டுச்சு. பாபேஜ் கூட அதுல ஒண்ணு வாங்கி வச்சிருந்தார்.

அதனால, "டிசைன் போட ஐ7 வேணுமா, எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு வேணுமா?"ன்னு கேக்குறவங்களுக்கு என் பதில்: வேண்டாம் சாமி. 18 கிலோபைட் படத்துக்கு எதுக்கு ராட்சசன்? செகண்ட் ஹேண்ட் பொட்டி ஒண்ணு எடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கை கழட்டிட்டு எஸ்எஸ்டி போடுங்க. மிச்சக் காசை ஒரு நல்ல மானிட்டர்லயும் யூபிஎஸ்லயும் போடுங்க. மாம்பழக் கலருக்கும் அரக்குக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் திரையில சரியா தெரியணும், கரண்ட் போனா வேலை போகக்கூடாது. அவ்வளவுதான் தேவை. கிராபிக்ஸ் கார்டு பையன் கேட்டா வாங்கிக் கொடுங்க, தப்பில்ல. தறி பேரைச் சொல்லி வாங்காதீங்க.

இப்ப மென்பொருள். ஊர்ல பாதி பேர் கோரல்டிரா, மீதி பேர் போட்டோஷாப். கல்யாணப் பத்திரிகைக்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கும் இவங்கதான் ராஜா. தறிக்குன்னு வரும்போது ரெண்டுமே கொஞ்சம் படுத்தும். போட்டோஷாப் பிரஷ்ஷுல ஒரு வளைவு வரைஞ்சு பாருங்க. ஓரத்துல சாம்பல் சாம்பலா புள்ளி வச்சு வழவழன்னு காட்டும். கண்ணுக்கு அழகு. ஆனா தறியில சாம்பல் கிடையாது. இழை ஒண்ணு தூக்கும், இல்லாட்டி கிடக்கும். பாதி தூக்குன இழைன்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல. பிரஷ்ஷை விட்டுட்டு பென்சில் எடுக்கணும், கலரை எண்ணி வச்சுக்கணும், ஒவ்வொரு புள்ளியா வைக்கணும். இதுக்கு அசல் பொருத்தம் எது தெரியுமா? கேம் உருவங்கள் வரையிறதுக்குன்னே பண்ணின ஏஸ்ப்ரைட் மாதிரி புள்ளி மென்பொருள்தான். காசு போடாம வேணும்னா கிம்ப்பே போதும், பென்சில் அதுலயும் இருக்கு. நெசவுக்குன்னே டிஜிபுனாய்னு ஒண்ணு அரசாங்க நிறுவனமே பண்ணி வச்சிருக்கு, அதையும் ஒரு தடவை பாருங்க.

இன்னொரு விஷயம். தறியோட புள்ளி சதுரம் இல்ல. ஒரு அங்குலத்துல நிக்கிற பாவு இழையும், ஓடுற ஊடை இழையும் ஒரே எண்ணிக்கையா இருக்கணும்னு அவசியமில்ல. திரையில வட்டமா வரைஞ்ச ருத்ராட்சம் சேலையில முட்டையா வந்து நிக்கும். பழைய நின்டெண்டோவுலயும் இதே கதைதான். 256க்கு 240 புள்ளிப் படத்தை டிவி தன் அகலத்துக்கு இழுத்துக் காட்டும். வரையிறவன் அதை மனசுல வச்சு வரையணும். கிராஃப் பேப்பர்ல கட்டம் போட்டு வரைஞ்ச பழைய டிசைனர்களுக்கு இது கைவந்த கலை.

பழைய கேம்களை நான் விரும்புறதுக்கும் இதுதான் காரணம். அந்த மெஷின்ல ஒரு உருவத் துண்டுக்கு மூணே நிறம். ஒரே கிடைக்கோட்டுல எட்டு துண்டுக்கு மேல வந்தா மீதி மறைஞ்சு போகும், படம் மினுக் மினுக்னு அடிக்கும். மாரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்ததே, இத்தனூண்டு புள்ளிக்குள்ள வாயும் தலைமுடியும் வரையிற கஷ்டத்துனாலதான். அந்த கேம்ல மேகத்தையும் புதரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே படம், கலர்தான் வேற. கைலாசநாதர் கோயில் தூண்ல பிளந்த வாயோட நிக்கிற யாளியை, சில டஜன் இழைக்குள்ள யாளின்னு தெரியிற மாதிரி கரையில கொண்டு வந்தவனும் இதே ஜாதி மூளைதான். மெஷினோட எல்லை தெரிஞ்சு வரைஞ்சவங்க.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சும்மா டெக்னிகல் மொக்கை. எனக்கு உண்மையிலேயே உறுத்துற விஷயம் வேற.

போன வருஷம் பெரியப்பாகிட்ட ஒரு டிசைன் வந்துச்சு. கூலிக்குக் கொடுக்கிற ஒருத்தர் அனுப்பினது. வழவழ காகிதத்துல கலர் பிரிண்ட், பார்க்க அப்படியே ஜொலிக்குது. உடல் முழுக்க புட்டா, அதுக்குள்ள ஜரிகையோட கூட புதுசா ஒரு பச்சை. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பென்சிலால கட்டத்தை எண்ணினார்.

"டேய், இந்த பச்சையை போட்டவன் எவ்ளோ நேரத்துல போட்டிருப்பான்?"

"ஒரு கிளிக் பெரியப்பா. ரெண்டு செகண்ட் ஆகும்."

"எனக்கு ரெண்டு நாள் ஆகும்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புட்டா உயரம் 60 வரி. அஞ்சரை மீட்டர் சேலையில அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசைன்னா நூறு வரிசைக்கு மேல. பச்சைக்காக மட்டும் 60 பெருக்கல் 100, ஆறாயிரம் தடவை ஊடை கூட ஓடணும். ஒரு தடவைக்கு பத்து நொடின்னா 16 மணி நேரத்துக்கு மேல. மனுஷன் சொன்னது சரியா ரெண்டு நாள். எக்செல் இல்லாம!

"எலக்ட்ரானிக் ஜக்கார்டு வச்சா சரியாயிடாதா?"ன்னு கேப்பீங்க. அட்டை குத்துற செலவு மிச்சம், டிசைனை பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்து மாத்தலாம், பெட்டியை தூக்க காலால மிதிக்கிற பாரமும் குறையும். நல்ல விஷயம்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த ஆறாயிரம் ஆறாயிரம்தான். நாடாவை வீசுறது கை. அதுலயும் கோர்வை சேலைன்னா உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கு ரெண்டுன்னு மூணு நாடா. ஒரு ஆளால முடியாது. எதிர்ப்பக்கம் பெரியம்மா உட்காருவாங்க. கூலி சேலைக்கு ஒண்ணுதான், ரெண்டு பேருக்கு ரெண்டு இல்ல. நாள் கூடினாலும் சேலைக்கு பேசினது பேசினதுதான். ரெண்டு பேர், ரெண்டு நாள். அந்த கிளிக்கோட விலை அவங்க வீட்டு அரிசிப் பானையில இருந்து போகுது.

இங்கதான் கேம் பண்றவங்களைப் பார்த்து எனக்கு பொறாமையா இருக்கு. நொடிக்கு 60 படம் ஓடணும்னா ஒரு படத்துக்கு 16.6 மில்லிசெகண்ட்தான். ஆர்ட்டிஸ்ட் ஆசைப்பட்டு ஒரு விளக்கு கூட வச்சா, எவ்வளவு நேரம் கூடிச்சுன்னு அங்கயே எண்ணு காட்டும். யூனிட்டி, அன்ரியல், கோடோ எல்லாத்துலயும் அந்த வசதி உண்டு. மெஷின் மூச்சு வாங்குறது வரையிறவனுக்கு அப்பவே தெரியும், அவனே குறைச்சுக்குவான். ஒரு சிப்புக்கு இருக்கிற மரியாதை பெரியம்மா தோள்பட்டைக்கு இல்ல. நம்ம வரையிற மென்பொருள்ல பச்சை ஒரு சின்ன சதுரம், நீலம் இன்னொரு சின்ன சதுரம். எல்லாம் ஒரே விலை, அதாவது ஓசி. நெசவு மென்பொருள்ல நூல் எவ்வளவு ஆகும்னு கணக்கு எடுக்கலாம்தான். நான் கேக்குறது நூல் கணக்கு இல்ல, கை கணக்கு. வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதே திரையோட மூலையில, "இதனால ஆறாயிரம் வீச்சு கூடுது, ரெண்டு நாள்"னு ஒரு வரி.

அதைத்தான் அன்னிக்கு ராத்திரி ஒரு எக்செல்லா போட்டேன். புட்டா உயரம், வரிசை, நிறம், ஒரு வீச்சுக்கு ஆகுற நொடி, இதெல்லாம் அடிச்சா நாள் கணக்கு வரும். ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா டிசைனோட சேர்த்து அதையும் கொண்டு போனார். கூலியை ஏத்திக் கேட்டார், ஏறல. ஆனா காகிதத்தை ரெண்டு தடவை பார்த்துட்டு அவரே பச்சையை எடுத்துட்டாராம். ரெண்டு நாள் தப்பிச்சுச்சு. "பேசினா கேக்க மாட்டான்டா, பேப்பர்ல இருந்தா கேக்குறான்"னு பெரியப்பாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு சிரிப்பு வரல. நாற்பது வருஷமா தறியில உட்கார்ந்தவர் வாயால சொன்னதுக்கு இல்லாத மதிப்பு, நேத்து அடிச்ச எக்செல்லுக்கு இருக்கு.

சரி, அந்த மதிப்பு இருக்கிறதுதான் நிஜம்னா அதையே பிடிச்சுப்போம். கிம்ப்புக்கு பைத்தான்ல சொருகு நிரல் எழுதலாம். படத்துல எத்தனை வரி, ஒவ்வொரு வரியிலும் எத்தனை நிறம்னு எண்ணிச் சொல்ல நிறைய மூளை தேவையில்ல. ஆரம்பிச்சு வச்சிருக்கேன், இப்போதைக்கு நிறத்தை மட்டும் எண்ணுது. பைத்தான் தெரிஞ்ச மக்கள் யாராவது கை கொடுத்தா சீக்கிரம் முடியும். நெசவுக் குடும்பத்துல இருந்து வந்தவங்க உங்க வீட்ல ஒரு வீச்சுக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு பார்த்துச் சொன்னா அதைவிட பெரிய உதவி.

டிஸ்கி: கிராபிக்ஸ் கார்டு பத்தி கேட்ட தம்பிக்கு தனியா பதில் போடுறேன்ப்பா. முதல்ல உங்க அப்பாவுக்கு யூபிஎஸ் வாங்கிக் கொடு.