வடக்குச் சுவரின் கறுப்பு

கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் புதுச்சேரிப் பக்கத்துத் திருக்கனூரில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். மொட்டைமாடி வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே கோலம். கைப்பிடிச் சுவரின் தலையில் தொடங்கும் கறுப்பு, வரிவரியாக இறங்கி ஜன்னல் மட்டத்தில் மங்கும். சன்ஷேடுகளின் இரு முனையிலும் மீசை தொங்கும். எங்கள் வீட்டுக்கு வெளிப்புற எமல்ஷன் அடித்து இரண்டு மழைக்காலம்கூட முடியவில்லை. பெயின்ட் மட்டம் என்றார் ஒருவர். பூச்சு மணலில் கோளாறு என்றார் இன்னொருவர். கடைக்காரர் விலை கூடிய வேறு டப்பாவை எடுத்து வைத்தார். அதை வாங்குவதற்கு முன் இந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சுவர் கெட்டது என்றாலே உப்பு என்பார்கள். ஆனால் உப்பு தரையிலிருந்து ஏறும், வெள்ளையாகப் பூக்கும், பூச்சை உதிர்க்கும். என் சுவரில் இருப்பது மேலிருந்து இறங்குகிறது, பூச்சும் கல் மாதிரி இருக்கிறது. உப்பை அதோடு விட்டேன்.

தூசியா, புகையா? பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து ஒற்றிப் பார்த்தேன். கரியும் தூசியும் அதற்கு அசையாது. இது கொஞ்ச நேரத்தில் வெளுத்தது. ஆகவே உயிருள்ள ஏதோ ஒன்று. கடைக்காரர் ‘பூஞ்சை’ என்றார். பூஞ்சையும் கலந்திருக்கலாம். ஆனால் ஈரத்தோடு சுரண்டினால் நகத்தில் ஒட்டியது கரும்பச்சை. நெல் வயலுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோமே, அந்த நீலப்பச்சைப் பாசியின் பங்காளிகள்தாம் சுவரில் குடியேறியிருக்கிறார்கள்.

இவற்றைப் பற்றிய ஆய்வைத் தேடப் போனால் வழி இலங்கையைத் தொட்டுச் சென்னைக்கே வருகிறது. வெப்ப நாடுகளில் நீர்நிலைக்கு வெளியே, மரப்பட்டையிலும் பாறையிலும் பாசி எவ்வளவு செழிக்கிறது என்று இலங்கையைப் பார்த்துவிட்டு 1907இல் எழுதியவர் ஃபிரிட்ச் என்ற ஆங்கிலேயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசி ஆய்வுக்கு ஒரு மரபையே உண்டாக்கினார். அந்த மரபில் வந்த தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய ‘சயனோஃபைட்டா’ இன்றும் உலகம் முழுக்கப் புரட்டப்படும் நூல். பச்சையாக இருக்க வேண்டிய உயிர் ஏன் கறுக்கிறது என்பதற்கும் விடை கிடைத்தது. இந்தப் பாசிகளில் பல, தம்மைச் சுற்றியுள்ள உறையில் சைட்டோனெமின் என்ற நிறமியைச் சேர்த்துக்கொள்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரை அது தடுக்கும். 1849இல் நேகலி கவனித்த நிறமி. அதன் வேதி அமைப்பு தெரிய 1993 வரை ஆயிற்று. நம் வெயிலுக்குப் பயந்து பாசி பூசிக்கொண்ட மைதான் நமக்குக் கறையாகத் தெரிகிறது.

சரி, வெயிலுக்கு இவ்வளவு தயாராக இருக்கிற உயிர், வெயில் குறைந்த வடக்குச் சுவரில் ஏன் அதிகம் பிடிக்கிறது? நாம் இருப்பது ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில். நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பது ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரைதான். மழை கொட்டுவதோ ஐப்பசி, கார்த்திகையில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வாடைக்காற்றோடு வரும் சாரலை வாங்குவதும் இந்தச் சுவர், அதன்பின் மாதக்கணக்கில் வெயில் படாமல் நிற்பதும் இதே சுவர். ஜெர்மனியில் குளிருக்காக வீட்டுக்கு வெளியே காப்புப் பலகை ஒட்டிப் பூசிய சுவர்களிலும் இதே தொல்லை. இரவில் மேற்பரப்பு குளிர்ந்து பனி படிவதால் பாசி பிடிக்கிறது. பெயின்டில் கலக்கும் டையுரான், டெர்புட்ரின் போன்ற பாசிக்கொல்லிகள் மழையில் கரைந்து மண்ணுக்கும் ஓடைக்கும் போவதை அங்கே அளந்து காட்டியிருக்கிறார்கள். டப்பாவில் எழுதியிருக்கும் வாக்குறுதி ஏன் மங்குகிறது என்பதும் அதில் அடக்கம்.

சுண்ணாம்புக்கு இப்படி ஒரு விஷம் தேவைப்படவில்லை. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை pH அளவில் 12க்கு மேல்; அதில் பாசி முளைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து அந்தக் காரம் இறங்கிவிடும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது அழகுக்காக மட்டும் என்று இனி நான் சொல்ல மாட்டேன். சிமென்ட் பூச்சும் இப்படித்தான் காரம் இழக்கிறது. ஆனால் அதன்மேல் ஆண்டுக்கு ஒருமுறை யார் எதைப் பூசுகிறோம்?

இவ்வளவு தெரிந்தும் ஒன்று இடித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது. எங்கள் வடக்குச் சுவர் முழுக்கத்தான் நனைந்தது. கறுப்பு மட்டும் பழைய கோடுகளிலேயே கூடியது, நடுவில் இருந்த சுவர் தப்பியது. மழை அடித்த இடம் பிரச்சினை இல்லை. மழை நின்ற பிறகும் நீர் வழிந்துகொண்டே இருந்த இடம்தான் பிரச்சினை.

எதிர்வீட்டு ஆயாவிடம் இதைச் சொன்னேன். “எங்க ஊட்டுல எறவாணம் ரெண்டு அடி வெளிய நிக்கும். செவுத்துல எங்க தண்ணி வழிஞ்சுது?” என்றார். நாட்டு ஓடு போட்ட மண்சுவர் வீடு அவருடையது. மண்சுவர் நனைந்தால் கரைந்துவிடும், அதனால் நீரைத் தள்ளி விழவைக்க வேண்டியிருந்தது. மதகடிப்பட்டில் முதலாம் ராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலுக்குப் போனபோது கூரையோரத்துக் கொடுங்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வளைந்து இறங்கும் அதன் விளிம்பு சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. நீர் அந்த மூக்கிலிருந்து சொட்டியாக வேண்டும். சுவருக்குத் திரும்ப வழியில்லை. ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் போல் செய்யச் சொல்லக் கூடாது என்று ஸ்தபதிகள் முன்கூட்டியே பேசிக்கொள்வார்களாம். அங்கே கல்லைக் கூரைச் சட்டம் போலவே இழைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம்.

நமக்கு வேண்டியது ஒரு பள்ளம். தட்டையான கான்கிரீட் விளிம்பில் வரும் நீர் கீழே விழுவதில்லை, அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே ஊர்ந்து சுவரைத் தொடும். சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, அரை அங்குல அகலத்தில் பள்ளம் இழுத்துவிட்டால் அந்தப் பிடி விட்டுச் சொட்டிவிடும். எங்கள் மேஸ்திரி இதை வாட்டர் கட்டிங் என்கிறார். பக்கவாட்டில் இழுக்கும் பள்ளத்தைச் சுவர் வரை கொண்டுபோகாமல் இரண்டு அங்குலம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வாய்க்காலாகிச் சுவரில் கொண்டுவிடும். கைப்பிடிச் சுவரின் தலை மாடிப்பக்கம் சரிய வேண்டும். எங்கள் வீட்டில் அது தட்டையாக இருந்தது. அதன்மேல் படிந்த தூசியெல்லாம் கரைந்து தெருப்பக்கம் இறங்கியிருக்கிறது.

வீடு கட்டும்போதே இதை ஏன் செய்வதில்லை என்று மேஸ்திரியைக் கேட்டேன். “சதுர அடிக் கணக்குல பேசி வேல எடுக்கறோம் சார். பள்ளத்துக்கு ஏது சதுர அடி?” என்றார். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் சன்ஷேடு அடிப்பள்ளத்துக்கு மீட்டர் கணக்கில் தனியாகவே கூலி உண்டு என்றேன். சிரித்துவிட்டு, ரன்னிங் அடிக்கு ஒரு தொகை சொன்னார். பாசியைப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுவரை நன்றாகக் காயவிட்டு, பள்ளமும் தலைச் சரிவும் முடித்து, பிறகுதான் பெயின்ட். வடக்குப் பக்கம் ஆகிவிட்டது. பள்ளத்துக்கும் சரிவுக்கும் ஆன செலவு கடைக்காரர் காட்டிய டப்பாக்களின் விலையைவிடக் குறைவு. கிழக்குப் பக்கத்தைத் தை பிறந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறார் மேஸ்திரி. அங்கே ஏசி தண்ணீர்க் குழாய் வேறு சுவரோடு ஒட்டிக்கொண்டு சொட்டுகிறது, அதை முதலில் நீட்ட வேண்டும்.