மேருவில் இருந்த பிழை

சீவக சிந்தாமணியைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் ஓரிடத்தில் எம் குரல் தாழ்ந்துவிடும். இசைப் போட்டிக்கு வந்த சீவகன், தன்னிடம் தரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகக் குற்றங்கூறி ஒதுக்குகிறான். நீரில் ஊறிய மரம், தீயில் வெந்த மரம், இடி வீழ்ந்த மரம் என்கிறான். நரம்பின் முறுக்கை அவிழ்த்து உள்ளே கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். அவன் ஆராய்ந்தது கருவியை. யாம் பழித்ததோ ஆளை.

எம் ஊர் பள்ளிப்பட்டு. 1960-இல் திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்திற்கு வந்த எல்லையோர ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடினார் என மரபு கூறும் திருத்தணி மலை அண்மையிலேயே உள்ளது. அவரும் வீணை வாசித்தவரே. ஆயினும் எம் தெருவில் இருந்த வீணை ஒன்றே ஒன்று, எம் பெரியம்மாவுடையது. பலாமரத்தில் கடைந்த தஞ்சாவூர் வீணை.

ஒரு கோடை விடுமுறையில் அதன் மேரு விண்டுபோயிற்று. பிரடைகளுக்கும் முதல் மெட்டுக்கும் இடையே நிற்கும் சிறு துண்டே மேரு. தந்திகள் அதன் மேலுள்ள பள்ளங்களில் படிந்துதான் குதிரையை நோக்கிச் செல்லும். அப்போது கல்லூரி மாணவராயிருந்த யாம், பெரிய கைவினைஞர் என்னும் நினைப்பில், பிளாஸ்டிக் துண்டொன்றை அளவாக அறுத்து, ஆக்சா பிளேடால் நான்கு கீறல் கீறி, அவ்விடத்தில் ஒட்டிவிட்டோம். பெரியம்மா மகிழ்ந்தார். ஆனால் அன்றிலிருந்து சுருதி நிற்கவில்லை.

பிரடைதான் நழுவுகிறது என்றனர் அனைவரும். சாக்குக்கட்டிப் பொடி இட்டோம். புதுத் தந்திகள் பூட்டினோம். பயனில்லை. முடிவில் ஒருநாள், "உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது, பெரியம்மா" என்று சொல்லியும் விட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. வீணைக்கு உறையிட்டு அறை மூலையில் வைத்தார். ஒன்பது ஆண்டுகள் அவ்வுறை அவிழவில்லை.

பின்னர் தஞ்சாவூருக்குச் செல்ல நேர்ந்தபோது அதை உடன் எடுத்துச் சென்று, வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் காட்டினோம். அவர் பிரடையைத் தொடவேயில்லை. சாரணித் தந்தியை ஏழாம் மெட்டில் பக்கவாட்டில் இழுத்துவிட்டார். மேருவில் 'டிக்'கென்று ஓர் ஒலி. "தம்பி, கம்பி இங்கல்லவா மாட்டிக்கிட்டு நிக்குது! இந்தப் பள்ளத்தை அறுத்தது யாரு?" என்றார். யாம் வாய் திறக்கவில்லை.

இறுக்கமான பள்ளம் தந்தியைக் கவ்விக்கொள்கிறது. பிரடையை முறுக்கினால் மேருவுக்கு அப்பாலுள்ள பகுதியே விறைக்கும். மீட்டும் பகுதி முழுதும் விறைப்பதில்லை. வாசிக்கும்போது அந்த விறைப்பு திடீரென இப்பக்கம் நழுவினால் சுருதி ஏறிவிடும். கமகத்திற்காக இழுக்கையில் மேருவைக் கடந்து வந்த மயிரளவு தந்தி திரும்பிச் செல்லாது நின்றாலோ சுருதி இறங்கிவிடும். விறைப்பு 2 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். ஓர் அரைச்சுரத்தின் இடைவெளியே ஏறத்தாழ 6 விழுக்காடுதான். ஆகவே பழகிய காதுக்கு இது பெரும்பிழை. வீணையோ தந்தியை இழுத்தே கமகம் பிறப்பிக்கும் கருவி! வாசிக்க வாசிக்கக் கெடும் சுருதியைப் பெரியம்மாவின் காது தவறாமல் கேட்டிருக்கிறது. கேளாதவர் யாமே.

யானைத் தந்தம் சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது. ஆசாரி எலும்பில் புதிய மேரு செய்தார். ஒவ்வொரு தந்தியின் பருமனுக்கும் ஏற்ற உருண்டை அரத்தால் பள்ளம் எடுத்தார். தந்தியின் பாதிப் பருமனே ஆழம். பிரடைப் பக்கம் சற்றே சரிவு. ஆழம் மிகுந்தால் தந்தி மெட்டில் மோதி இரையுமாம். பின்பு பள்ளங்களை வழவழப்பாகத் தேய்த்து, பென்சில் கரியைப் பொடித்துத் தடவினார். இவ்வளவே வேலை, ஒரு பிற்பகலில் முடிந்தது.

பள்ளிப்பட்டில் பெரியம்மாவின் முன் வீணையை வைத்து, நடந்ததைக் கூறினோம். அவர் சாரணியை இழுத்துவிட்டுக் கேட்டார். மீண்டும் இழுத்தார். மூன்றாம் முறையும் இழுத்துக் கேட்டபின், "நீ செய்த துண்டு எங்கே?" என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அதைச் சற்றுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, சரளி வரிசையைத் தொடங்கினார்.